ஸர் டீட்ரிக் பிராண்டிஸ்: காட்டுச் சட்டமும் காவலனும்

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோருக்குப் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஆகிய ஊர்களுக்கு அப்பால் மலைத்தொடர் சுவர்போல் நிற்பது தெரியும். அம்மலையடிவாரத்து ஜனங்களுக்குக் கலெக்டரும் மந்திரியும் வெகு தூரத்தில் இருப்பவர்கள். காட்டெல்லையில் காக்கி உடுப்புடன் நிற்கும் வனக்காவலரே அவர்கள் கண்ட சர்க்கார். மாட்டை மடக்குபவரும், விறகுக்கட்டை இறக்கச் சொல்பவரும், தேனெடுக்கப் போகும் பளியரை நிறுத்தி விசாரிப்பவரும் அவர்தாம். அவர் என்ன பயிற்சி பெற்றவர், எந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பது ஏழை ஜனங்களின் அன்றாட வாழ்வைத் தொட்ட விஷயம். இதை ஆராயப் புகுவோர் இந்தியக் காட்டிலாகாவை நிறுவிய ஸர் டீட்ரிக் பிராண்டிஸின் சரித்திரத்தை அறிந்திருத்தல் அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

பிராண்டிஸ் ஆங்கிலேயர் அல்லர், ஜெர்மானியர். 1824-ஆம் வருஷம் மார்ச் 31-ஆம் தேதி பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவ சாஸ்திரப் பேராசிரியர். கோபன்ஹேகன், காட்டிங்கன், பான் சர்வகலாசாலைகளில் பயின்ற பிராண்டிஸ், 1849-ல் பான் நகரிலேயே தாவர சாஸ்திர ஆசிரியரானார். அவர் மணந்த ரேச்சல் அம்மையார், வங்காளத்துச் சேராம்பூர் மிஷனைச் சேர்ந்த மார்ஷ்மனின் புதல்வி. அம்மையாரின் சகோதரியை மணந்தவர் சேனாபதி ஹாவ்லாக். இந்த உறவின் வழியாக அவர் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபுவின் செவிக்கு எட்டியது. பெகு நாடு 1852-ல் கம்பெனியாரின் கையில் விழுந்திருந்தது. கப்பலுக்குத் தேக்கு வேண்டும். புதிதாகப் போடப்பட்ட ரயில் பாதைகளுக்குக் கட்டைகள் வேண்டும். மரத்தின்மேல் பிறந்த ஆசையே காட்டைக் காக்கும் யோசனைக்கு மூலம் என்பதை நம்மவர் மறத்தலாகாது.

1856-ல் பெகு காடுகளின் மேற்பார்வையாளராக பிராண்டிஸ் பதவியேற்றார். எத்தனை மரம் உள்ளதென்று அறியாமல் எத்தனை மரம் வெட்டலாமென்று சொல்வது எங்ஙனம்? ஆகவே முதலில் எண்ணத் தொடங்கினார். யானைமீது அமர்ந்து குறித்த பாதைகளில் காட்டை ஊடறுத்துச் சென்று, இருபுறமும் தென்படும் தேக்கு மரங்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூங்கிற் குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி இட்டுக்கொண்டே போனார். அக்கணக்கைக் கொண்டு ஆண்டொன்றுக்கு இவ்வளவுதான் வெட்டலாமென்று வரம்பு கட்டினார். மர வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தும் அவர் தளரவில்லை. காட்டை வெட்டி எரித்துப் பயிர்செய்யும் கரேன் மக்களை அவர் விரட்டியடிக்கவில்லை. அவர்கள் நெல் விதைக்கும் நிலத்திலேயே தேக்குக் கன்றையும் நடச்செய்து, அதற்குக் கூலியும் அளிக்க ஏற்பாடு செய்தார். காட்டை அறிந்தவர்கள் காட்டுவாசிகளே என்ற உண்மை அவருக்கு விளங்கியிருந்தது.

இதற்கிடையே சென்னை ராஜதானியில் டாக்டர் கிளெக்ஹார்ன் 1856-லேயே காட்டுப் பாதுகாவலராக நியமனம் பெற்று வேலை தொடங்கியிருந்தார். ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு வழியில் சென்றுகொண்டிருந்தது. இவற்றை ஒழுங்குபடுத்த 1862-ல் பிராண்டிஸ் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். 1864-ல் இந்தியாவின் முதல் காட்டிலாகா இன்ஸ்பெக்டர் ஜெனரலானார். அடுத்த வருஷமே முதல் காட்டுச் சட்டம் பிறந்தது. மேல் உத்தியோகத்துக்கு வருவோர் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் முறையாகப் பயின்று வரவேண்டுமென்று 1866-ல் திட்டம் வகுத்தார். இந்தியர்களை ரேஞ்சர் வேலைக்குப் பழக்க டேராடூனில் 1878-ல் காட்டுப் பள்ளிக்கூடம் ஏற்பட்டதும் அவர் முயற்சியால்தான். தேசம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும், பயிலாதவனிடம் காட்டை ஒப்படைக்கலாகாது என்பன அவருடைய கொள்கைகள்.

இனி, அவருடைய நியாய புத்தி சோதிக்கப்பட்ட இடத்துக்கு வருவோம். காடு யாருடையது என்ற விவாதம் 1870-களில் சர்க்கார் வட்டாரத்திலேயே மூண்டது. பேடன் பவல் என்ற உத்தியோகஸ்தரும் அவரைச் சார்ந்தோரும், எழுத்து மூலம் அளிக்கப்படாத உரிமை உரிமையே அன்று, காடெல்லாம் சர்க்கார் சொத்து என்று வாதித்தனர். சென்னை ரெவினியூ போர்டாரோ, இந்த ராஜதானியில் கிராமத்தாரின் அனுபோக பாத்தியதை இல்லாத காடே கிடையாதென்று எதிர்த்து நின்றனர். பிராண்டிஸ் நடுவழியை நாடினார். முக்கியமான காடுகளைச் சர்க்கார் எல்லை கட்டிக் காக்கட்டும். ஆனால் கிராமத்தாரின் உரிமையை விசாரித்துப் பதிவு செய்யவேண்டும், எடுத்துக்கொண்டால் ஈடு தரவேண்டும், கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் விடவேண்டும் என்பது அவர் யோசனை. 1878-ஆம் வருஷச் சட்டத்தில் கிராமக் காட்டுக்கு ஓர் அத்தியாயம் இடம் பெற்றது. ஏட்டில் இடம் பெற்ற அது நாட்டில் இடம் பெறவில்லை. பேடன் பவல் கட்சியே சட்டத்தின் ஏனைய பகுதிகளில் வென்றது.

சென்னை மட்டும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குப் புறம்பாக நின்றது. 1881-ல் பிராண்டிஸ் விசேஷ அலுவலாகச் சென்னைக்கு வந்து, காட்டு நிர்வாகத்தைச் சீரமைப்பதில் ஈடுபட்டார். அதன் பயனாகப் பிறந்ததே 1882-ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டம். 1883-ல் தம் யோசனைகளை விரிவான அறிக்கையாக எழுதி வைத்துவிட்டு உத்தியோகத்திலிருந்து விலகினார்.

ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. இங்கிலாந்திலிருந்து இந்தியக் காடுகளுக்கு வரவிருந்த மாணவர்களை ஐரோப்பியக் காடுகளுக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். 1887-ல் ஸர் பட்டம் வந்தது. அமெரிக்க இளைஞர் கிப்போர்டு பின்சோ அவரிடம் யோசனை கேட்டுப் பயின்று, 1905-ல் அந்நாட்டுக் காட்டிலாகாவின் தலைவரானார். எண்பது வயதைக் கடந்த பிராண்டிஸ் 1906-ல் இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1907-ஆம் வருஷம் மே 28-ஆம் தேதி, பிறந்த பான் நகரிலேயே காலமானார்.

அன்னிய ஆட்சியின் ஊழியர் என்பதற்காக அவருடைய அறிவையும் உழைப்பையும் நாம் குறைத்துக் கூற மாட்டோம். ஆயினும் அவர் எழுப்பிய கட்டடத்தில் ஒரு பெருங்குறை உண்டு. மரத்துக்கு அளவு வைத்தார்; மேல் உத்தியோகஸ்தருக்கு அளவு வைத்தார்; ரேஞ்சருக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். குடியானவன் முன்னே வந்து நிற்கும் கடைசிக் காவலனுக்கு அளவு வைக்கப்படவில்லை. சட்டத்தைப் படித்தோர் இதன் விபரீதத்தை எளிதில் உணர்வர். சட்டத்தில் காட்டு உத்தியோகஸ்தர் என்ற ஒரே சொல்லில் பெரிய அதிகாரியும் அடங்குவர், காவலனும் அடங்குவான். வாரண்டின்றிக் கைது செய்யவும், பொருளைக் கைப்பற்றவும், மாட்டைப் பட்டிக்கு ஓட்டவும் அச்சொல் அதிகாரம் தருகிறது. அதிகாரம் கடைசிப் படிவரை இறங்கிற்று. பயிற்சியும் நல்ல சம்பளமும் நடுவழியிலேயே நின்றுவிட்டன. சொற்பச் சம்பளமும் பெரிய அதிகாரமும் ஓரிடத்தில் கூடினால் என்ன விளையுமென்று நாம் சொல்லத் தேவையில்லை.

விளைந்தவை சரித்திரத்தில் உள்ளன. ரயத்துகளின் முறையீடுகளை விசாரித்த 1913-ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுக் கமிட்டி, சிறு காடுகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் விடலாமென்று சிபாரிசு செய்யவேண்டியதாயிற்று. பிராண்டிஸ் விரும்பிய கிராமக் காடு முப்பது ஆண்டு தாமதமாக வந்தது. 1921-ல் குண்டூர் ஜில்லாப் பல்நாட்டில் மேய்ச்சல் வரியை எதிர்த்து ஜனங்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். மறு வருஷம் கன்னெகண்டி ஹனுமந்து துப்பாக்கிக்கு இரையானார். அன்னியர் ஆட்சி போயிற்று. பழைய சட்டமோ தமிழ்நாடு வனச்சட்டமென்ற பெயரில் நிலைத்துவிட்டது. 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி தர்மபுரி ஜில்லா வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறையாரும் போலீஸாரும் ரெவினியூ ஊழியரும் புகுந்தனர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென்று 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 126 பேர் வனத்துறையினர். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நம்மவரே நம்மவருக்கு இழைத்த கொடுமை இது. நீதி கிடைக்க முப்பத்தொரு வருஷங்கள் சென்றன.

இதனால் காவலர் யாவரும் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. யானைக்கும் கள்ள வேட்டைக்காரனுக்கும் இடையே இரவெல்லாம் நடந்து உயிரைப் பணயம் வைப்போர் அவர்களிலேயே பெரும்பாலோர். கர்நாடக வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991-ல் வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்டதை யாரும் மறந்திலர். பல்லாண்டுகள் தற்காலிக நியமனத்திலேயே கழித்த காவலரும் பலர். ஒழுங்கான அளவுகோல் ஜனங்களைக் காப்பது போலவே காவலனையும் காக்கும்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. 1976-ல் காடு மத்திய சர்க்காருக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இந்திய வனப்பணிக்கு 1966 முதல் தேசமெங்கும் ஒரே தேர்வும் ஒரே பயிற்சியும் உண்டு. ஆனால் காவலரின் கல்வித் தகுதி, பயிற்சிக் காலம், சம்பளம் யாவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. மேலே உள்ள ஒழுங்கு கீழேயும் வரவேண்டும். ஆயுதம் ஏந்துமுன் சட்டம் கற்பிக்கப்படவேண்டும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டுவாசிக்கு என்ன தந்திருக்கிறதென்பதை ஒவ்வொரு காவலரும் அறிந்திருக்கவேண்டும். கைப்பற்றும் பொருளுக்கும் வாங்கும் தொகைக்கும் உடனே ரசீது தரவேண்டும். பெண்களை விசாரிக்கப் பெண் ஊழியர் வேண்டும். முறையீடுகளை இலாகாவுக்கு வெளியே உள்ள அதிகாரி விசாரிக்கவேண்டும். நிரந்தர நியமனமும் நியாயமான சம்பளமும் ஆபத்துக்கு ஈடும் காவலருக்குக் கிடைக்கவேண்டும்.

பெகு காட்டில் ஒவ்வொரு தேக்குக்கும் மூங்கிற் குச்சியில் குறியிட்டவர் பிராண்டிஸ். காவலன் கையிலுள்ள அதிகாரத்துக்கும் அத்தகைய கணக்கு வைக்கப்படுதல் வேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்கள் மலையடிவாரத்து ஊர்கள்தோறும் சென்று, அங்குள்ள கிராம சபைகளில் இதைக் கோரிக்கையாக நிறைவேற்றச் செய்து, சட்டசபை உறுப்பினரிடம் சேர்ப்பார்களென்று நம்புகிறோம்.