கண்டிச் சிறையில் மாணவரான குருவானவர்

தைப்பொங்கலின் ஆரவாரம் ஓய்வதற்குள் வந்துவிடுகின்ற ஜனவரி 16ஆம் திகதியை இலங்கைக் கத்தோலிக்கர்கள் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் திருநாளாகக் கொண்டாடி வருகின்றனர். 1711ஆம் ஆண்டு அதே நாளில், தமது 59ஆவது வயதில், கண்டி மாநகரில் அவர் உயிர் நீத்தார். இன்று நுவரெலியா, ஹட்டன், மாத்தளைத் தோட்டங்களிலுள்ள கத்தோலிக்க மக்கள் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு அடிகளாரின் பெயர் அறிமுகமானதே. மழை பெய்வித்தவர், நோய் தீர்த்தவர் என்று அற்புதங்களின் வழியாகவே அப்பெயர் அவர்களை வந்தடைந்திருக்கின்றது. நாம் இங்கே சொல்ல முற்படுவது அவ்வற்புதங்களைப் பற்றியன்று. அறிவில் முதிர்ந்த ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் மாணவராகவே இருந்த வரலாற்றை, மலையகத்திலிருந்து பார்க்கும்போது அது நமக்குத் தோன்றுகின்ற விதத்தில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மலையகத்திலிருந்து என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணிவு என்னும் சொல் தோட்டங்களில் நெடுங்காலமாக ஒரே திசையிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. துரைக்குப் பணிய வேண்டியவன் தொழிலாளி. கங்காணிக்குப் பணிய வேண்டியவள் கொழுந்து பறிக்கும் பெண். எழுத்தறிவித்தவரும் மறையுரை ஆற்றியவரும்கூடச் சில வேளைகளில் அந்தப் பணிவையே நற்பண்பென்று கற்பித்தனர். கீழே நிறுத்தப்பட்டவனை நோக்கி இன்னும் குனி என்று சொல்வதற்கு ஞானம் எதுவும் தேவையில்லை. யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வில் பணிவு எதிர்த்திசையில் நடக்கின்றது. குனிந்தவர் கற்பிக்க வந்தவர்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, அந்நாளில் போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த கோவாவின் பெனாவ்லிம் ஊரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ் சங்கோலே ஊரைச் சேர்ந்தவர். தாயார் மரியா டி மிராண்டா. பிராமணர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தாய்மொழி கொங்கணி. போர்த்துக்கேயத்தையும் இலத்தீனையும் இளமையிலேயே கற்றுத் தேர்ந்து, கோவாவின் இயேசு சபைக் கல்லூரியிலும் பின்னர் தொமினிக்கன் சபையாரின் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறப்பு, கல்வி, பதவி ஆகிய மூன்றுமே அவரை உயரத்தில் நிறுத்தியிருந்தன. எனினும் அந்த உயரத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்முள் எளிதில் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. தம் சொந்த நாட்டிலேயே திருச்சபையின் இரண்டாம் வரிசையில் நின்றவர் அவர் என்பதை அவரது வாழ்க்கையை எழுதுவோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1677ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, சங்கோலே ஆலயத்தில் அவர் ஓர் அடிமைச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அன்னை மரியாவுக்குத் தம்மை என்றென்றைக்கும் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் சாசனம் அது. அடிமை என்ற இச்சொல் மலையக வாசகர்களுக்குக் கசக்கும். கங்காணியிடம் பட்ட கடன் துண்டு என்ற சீட்டில் எழுதப்பட்டு, அச்சீட்டுடன் குடும்பமே ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாறிய துண்டு முறை 1921ஆம் ஆண்டு வரை இங்கே நிலவியது. அவர்கள் கேட்டுப் பெற்றதன்று அந்தக் கட்டு. அடிகளார் எழுதியதோ, எவரும் கேளாதிருக்கத் தாமாகவே எழுதியது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, தொழிலாளியின் நிர்ப்பந்தத்தைப் புண்ணியமாக்கிவிடக் கூடாது. விட்டுக்கொடுப்பதற்கு ஏதேனும் கையில் உள்ளவனுக்கே அத்தகைய சாசனம் பொருந்தும்.

1681 முதல் 1684 வரை கன்னடக் கரையோரத்தில் மங்களூர், பஸ்ரூர், கங்கொள்ளி முதலிய இடங்களில் பணியாற்றித் திரும்பிய அவர், 1685இல் கோவாவில் உள்நாட்டுக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த சிறு குழுவில் இணைந்தார். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி ஓரட்டோரியன் சபையாக வளர்ந்த அக்குழுவுக்கு அவரே தலைவராகவும் தெரிவானார். ஆனால் அவரது மனம் இலங்கையையே நாடியிருந்தது.

அன்றைய இலங்கை நிலைமையைச் சிறிது விளக்க வேண்டும். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கரையோரக் கத்தோலிக்கர்கள் குருவின்றி வாழ்ந்தனர். பிள்ளைகளுக்கு செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் தாய்மாரும் முதியோரும் உபதேசிமாருமே ஆவர்.

1687ஆம் ஆண்டு, குடும்பப் பணியாளரான ஜோன் என்னும் இளைஞருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து அடிகளார் யாழ்ப்பாணம் சேர்ந்தார். குருவின் அங்கி இல்லை. கந்தலுடுத்திய பிச்சைக்காரராக வந்தார். வயிற்றளைச்சல் நோயால் சாவின் வாயிலைத் தொட்டுக் கிடந்தபோது, இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்த கஞ்சியே அவரது உயிரைக் காத்ததாக வரலாறு கூறுகின்றது. நலம் பெற்றதும் செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மலர்கின்றது என்று கவனித்தே, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களை அவர் அடையாளம் கண்டார். பிச்சைக்காரன் பேசுவது குறைவு, பார்ப்பதும் கேட்பதுமே அதிகம். இந்நாட்டில் அவர் பெற்ற முதற்பாடம் வாசற்படிக்கு வெளியே நின்று பெற்ற பாடம். தமிழையும் அவர் கற்றுக்கொண்டார். பிறகு சில்லாலையை மையமாகக் கொண்டு, இரவு நேரங்களில் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் 1690இல் கண்டி அரசின் ஆளுகைக்குட்பட்ட புத்தளத்துக்குப் பெயர்ந்தார்.

1692ஆம் ஆண்டு அவர் கண்டியை அடைந்தார். அக்காலத்தில் அந்நகரை இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் ஆண்டு வந்தான். போர்த்துக்கேயக் கைதிகளின் வழிவந்தோர் உட்படச் சிறு கத்தோலிக்கக் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டவர் ஒருவர், கல்வினின் மதப்பிரிவைச் சார்ந்தவர், வந்திருப்பவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னனிடம் முறையிட்டார். அடிகளாரும் ஜோனும் சிறைப்பட்டனர்.

அந்தச் சிறைவாசமே இவ்வரலாற்றின் நடுப்பகுதி என்பது எமது எண்ணம். ஐந்தாண்டுகள் ஒளிந்து திரிந்தவர், நாடிவந்த நகரத்தின் வாயிலிலேயே அடைக்கப்படுகின்றார். வயது 41. கோவாவில் ஒரு சபைக்குத் தலைவராயிருந்தவர். தாம் குற்றமற்றவர் என்று முறையீட்டுக்குமேல் முறையீடு அனுப்பிக்கொண்டிருந்தாலும் எவரும் குறை சொல்லியிரார். அவரோ சிங்களம் படிக்கத் தொடங்கினார். சிறைக்குள் அவருக்குப் பேச்சுத் துணையாக யார் இருந்திருக்க முடியும்? காவலாளிகளும் அக்கம்பக்கத்து எளிய மனிதருமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வயது வந்த ஒருவர் புதிய மொழியைப் பேசத் தொடங்கும்போது குழந்தையைப்போலத் தவறிழைக்க வேண்டியிருக்கின்றது. பிறர் சிரிக்க இடங்கொடுக்க வேண்டியிருக்கின்றது. தன்னிலும் கல்வி குறைந்தவர் திருத்தும்போது ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இலத்தீனில் இறையியல் கற்றவருக்கு இது சிறிய சோதனையன்று. தம்மிடம் வந்து கற்றுக்கொள்ளுமாறு மக்களை அழைத்த இயேசு, தமது சாந்தத்தையும் மனத்தாழ்மையையுமே முதற்பாடமாக முன்வைத்தார் என்று நற்செய்தி சொல்கின்றது. அப்பாடத்தை அடிகளார் படித்த வகுப்பறை கண்டிச் சிறை எனலாம்.

கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்ததும் அவர் ஒரு சிறு குடிலில் பீடம் அமைத்து வழிபாடு நடத்த, நகரத்துக் கத்தோலிக்கர்கள் மெல்ல மெல்ல அங்கே வரலாயினர். பிறகு கடும் வரட்சி வந்தபோது அவர் செபித்து மழை பெய்ததாகவும், அதன்பின் மன்னன் அவருக்கு நடமாடும் உரிமை அளித்ததாகவும் மரபு கூறுகின்றது. அவ்வுரிமையைக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே எமக்கு முக்கியமாகப் படுகின்றது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. மன்னனும் செல்வரும் நகரை விட்டு அகன்றனர். நோயாளிகள் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். புதிதாக வந்து சேர்ந்திருந்த அருட்தந்தை யோசேவ் கர்வாலோவுடன் அடிகளார் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தரென்றும் கிறிஸ்தவரென்றும் பிரித்துப் பார்க்கவில்லை. சிறையிற் கற்ற சிங்களம் நோயாளியின் அருகிலமர்ந்து பேசுவதற்கு அவருக்குக் கைகொடுத்திருக்கும். அவர்கள் இல்லாதிருந்தால் வீதிகளில் பிணங்கள் நிறைந்திருக்கும் என்று மன்னனே கருதியதாகச் சொல்லப்படுகின்றது.

அடுத்த சில ஆண்டுகளில் கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். பாப்பரசரின் தூதராகக் கீழைநாடுகளுக்கு வந்த மயார் டி தூர்நோன், இலங்கைத் திருச்சபைக்கு அடிகளாரையே தலைவராக்கி உயர்பதவி அளிக்க விரும்பினார். அவர் அதை ஏற்கவில்லை. மறுத்துவிட்டு அவர் செய்த காரியம் நம் கவனத்துக்குரியது. 1705இல் இலங்கை வந்த இளங்குரு யாக்கோமே கொன்சால்வெஸின் மொழித்திறனைக் கண்டு, அவரைக் கற்கவும் எழுதவும் தூண்டினார். தமிழையும் சிங்களத்தையும் ஆழமாகக் கற்ற கொன்சால்வெஸ், 1742இல் மறையும் வரை இரு மொழிகளிலும் எழுதிக் குவித்தார். தமிழில் அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த நூல். தம்மைவிடத் திறமையுள்ள ஒருவரைத் தம்முன்னே வளரவிடுவதும் பணிவின் ஒரு வகையே. தலைவர்களிடம் நாம் அபூர்வமாகக் காண்கின்ற வகை அது.

அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே இம்மலைகள் இன்றைய உருவத்தைப் பெற்றன. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று; 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டினார். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களின் வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நடைபெற்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து, கந்தலோடு கரையேறி, காட்டு வழியாகக் கண்டி மலைகளை அடைந்தவர் என்ற வகையில், அடிகளார் அம்மக்களுக்கு முன்னே அப்பயணத்தைச் செய்தவர்.

ஆனால் அம்மக்களைத் தேடிப் பின்னர் வந்தவர்கள் எல்லோரும் அவரைப்போல வரவில்லை. 1854இல் அங்கிலிக்கன் சபையார் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கிய பணிக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயரிட்டனர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்து அப்பணி பெரும் நன்மைகளைச் செய்தது, பாடசாலைகள் எழுந்தன, அதை மறுப்பது நன்றி கெட்ட செயல். எனினும் போதிக்கப் போகின்ற மக்களுக்குக் கூலி என்று பெயர் சூட்டிவிட்டே போதிக்கப் புறப்பட்டார்கள் என்பதும் உண்மை. பின்னாளில் அப்பெயர் மாற்றப்பட்டது. இன்று மதத்துக்கு வெளியேயும் இதே பழக்கத்தைக் காண்கின்றோம். சுகாதாரம், சேமிப்பு, குழந்தை வளர்ப்பு என்று தோட்டத்து மண்டபங்களில் கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன. செங்குத்தான சரிவில் மழையில் நின்று, எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்று விரல் நுனியால் அறிகின்ற பெண்ணிடம் எதையாவது கேட்டறிய வருகின்றவர்கள் எத்தனை பேர்? தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து எத்தனையோ ஆண்டுகள் கடந்தும், தம்முன் நிற்பவரின் மொழியைக் கற்பது தம் கடமை என்று கருதாத உத்தியோகத்தர்கள் இருக்கவே செய்கின்றனர். சிங்களம் கற்க மறுக்கும் தமிழருக்கும் இக்கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. நாற்பது வயதைக் கடந்த கைதியொருவர், அப்போதே இவ்விரு மொழிகளையும் தம் நாவில் ஏற்றிக்கொண்டார்.

இறுதி ஆண்டுகளில் அடிகளாரின் உடல் மிகவும் தளர்ந்துவிட்டது. 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தவர் ஒருமுறையேனும் கோவாவுக்குத் திரும்பவில்லை. அவர் இறந்தபோது இலங்கையில் சுமார் 70,000 கத்தோலிக்கர் இருந்ததாகத் திருச்சபை வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன. அப்போது கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னனும் அவர்மீது மதிப்புக் கொண்டிருந்தான். உடல் கண்டியிலிருந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. பின்வந்த ஸ்ரீவிஜய ராஜசிங்கனின் காலத்தில் குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயமும் அழிந்தது.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, அன்றைய பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அன்றைய வழிபாட்டில் தமிழும் சிங்களமும் ஒலித்தன. இலங்கையின் முதலாவது புனிதரான அவரது கல்லறை கண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்பது இன்றுவரை கண்டறியப்படவில்லை.