துடுப்படி பட்ட மன்னர்

உள்ளங்கைகளை இடுப்பருகே குவித்து, ஐந்தெழுத்துப் பெயர் ஒன்றை நீட்டி முழங்கி, எதிரியின் மீது ஒளிவெள்ளத்தைப் பாய்ச்சுவான் கோக்கு. அகிரா தோரியாமா 1984இல் தொடங்கிய ‘டிராகன் பால்’ சித்திரக்கதையில் பிறந்த அந்தக் ‘கமேஹமேஹா’ தாக்குதல், அனிமே வழியாகவும் வீடியோ கேம்கள் வழியாகவும் உலகச் சிறுவர்களின் வாயில் ஏறிவிட்டது. ஜப்பானிய மொழியில் ‘கமே’ என்றால் ஆமை; கதையில் அந்த வித்தைக்கு உரியவரும் ஆமைத் துறவிதான். ஆனால், அந்தப் பெயருக்கு உண்மையில் உரியவர் ஹவாய்த் தீவுகளை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த மன்னர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஹவாய்த் தீவின் கோஹாலாவில் பிறந்தவர் கமேஹமேஹா. 1782இல் தந்தையின் சகோதரரான அரசர் கலானியோபூ மறைந்ததும் வாரிசுப் போர் மூண்டது. ஜான் யங், ஐசக் டேவிஸ் என்னும் இரு அயல்நாட்டு மாலுமிகளின் துணையும் பீரங்கிகளும் அவருக்கு வாய்த்தன. அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. 1791இல் புதிய கோயிலின் விழாவுக்கு வரவழைக்கப்பட்ட எதிரி கியோவா, கரையிறங்கும்போதே கொல்லப்பட்டுப் பலியிடப்பட்டார். 1795இல் நூவானுப் போரில் எதிரிப் படையினர் பலர் செங்குத்துப் பாறையிலிருந்து வீழ்ந்து மாண்டனர். கவாய் தீவு மட்டும் 1810இல் பேச்சுவார்த்தையால் பணிந்தது.

என்றாலும், அவர் வாழ்வின் முக்கியமான அடி, அவர் கொடுத்ததன்று, வாங்கியது. இளமையில் பூனா கடற்கரையில் எளிய மீனவர்களைத் துரத்தியபோது, எரிமலைப் பாறையின் வெடிப்பில் அவருடைய கால் சிக்கியது. மீனவர் ஒருவர் துடுப்பால் அவர் தலையில் ஓங்கி அடித்தார், துடுப்பே பிளந்தது. பின்னாளில் அந்த மீனவர் முன்னே நிறுத்தப்பட்டபோது மன்னர் தண்டிக்கவில்லை. தாக்கியது தன் தவறே என ஏற்றார் என்கிறது மரபு. முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் வழியோரத்தில் அச்சமின்றிப் படுத்துறங்கலாம் என்னும் ‘பிளந்த துடுப்புச் சட்டம்’ 1797இல் அப்படித்தான் வந்தது. வல்லவன் வைத்ததே சட்டமாயிருந்த காலத்தில், வலுவற்றவரைத் தொடுவது குற்றமாயிற்று. அமெரிக்காவின் ஹவாய் மாநில அரசியல் சாசனத்தில் அது இன்றும் இடம்பெற்றிருக்கிறது. ஒளிவெள்ளம் பாய்ச்சி விளையாடும் பிள்ளைகளுக்கு இந்தத் துடுப்பின் கதையையும் யாராவது சொல்லலாம்.

1819 மே மாதம் கைலுவாவில் அவர் இறந்தார். குல வழக்கப்படி, நம்பிக்கைக்குரியவர்கள் அவர் எலும்புகளை மறைவாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த இடம் எதுவென்று இன்றுவரை தெரியவில்லை.