நிலநூல் வல்லார் பிரமதநாத போஸ்

நிலத்தின்மேல் விளையும் பொருளை உழவன் அறிவான். நிலத்தினுள்ளே புதைந்து கிடக்கும் பொருளை அறிவதற்கு நிலநூற் புலமை வேண்டும். பாறைகளின் இனத்தையும், அவை அமைந்துள்ள முறையையும், அவை படர்ந்து செல்லும் திசையையும் கால் நோக நடந்து ஆராய்ந்து, படமாக வரைந்தாலன்றிக் கனிவளம் உள்ள இடம் புலனாகாது. இவ்வரிய பணியில் நம் நாட்டவருள் முன்னோடியாக விளங்கியவர் பிரமதநாத போஸ் ஆவார்.

இவர் 1855ஆம் ஆண்டில், வங்க நாட்டில் கோபர்தங்காவை அடுத்த கைப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே கல்வியில் சிறந்து, உதவித்தொகை பெற்று, 1874இல் இலண்டன் மாநகர் சென்றார். ஆங்கு அறிவியற் பட்டம் பெற்றதோடு சுரங்கக் கல்லூரியிலும் பயின்று தேர்ந்தார். 1880இல், ஆங்கிலேயரே உயர்பதவிகளில் நிறைந்திருந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார்.

நருமதை ஆற்றுப் பகுதியிலும் மத்திய மாகாணத்திலும் காடும் மலையும் கடந்து இவர் பாறைகளை ஆராய்ந்தார். தல்லி, இராஜ்ஹரா என்னும் குன்றுகளில் இரும்புத்தாது மிகுந்திருத்தலை 1887இல் அறிவித்தார். பின்னாளில், இரும்பாலைக்கு இடம் தேடிய தோராப்ஜி டாட்டா, நாகபுரி அருங்காட்சியகத்தில் அப்பகுதியின் நிலவியற் படத்தைக் கண்டு, அவ்விடத்தை ஆராயச் செய்தார். தாது சிறந்ததே, ஆயினும் ஏற்ற நிலக்கரி அண்மையில் இல்லாமையால் அம்முயற்சி தடைப்பட்டது.

இஃது இவ்வாறாக, தமக்குப் பத்தாண்டு பின்னர்ப் பணியேற்ற ஆங்கிலேயர் ஒருவர் துறைத் தலைவராக உயர்த்தப்பட்டதைப் போஸ் கண்டார். தகுதியை மதியாத இடத்தில் தங்க மனமின்றி 1903இல் பதவியைத் துறந்தார். ஆனால், தாம் கற்ற கலையைத் துறந்தாரல்லர். மயூர்பஞ்சு அரசின் பணியை மேற்கொண்டு, கோருமகிசானி மலையில் பெருந்திரளான இரும்புத்தாதைக் கண்டறிந்தார். 1904 பிப்ரவரியில் ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்குத் திருமுகம் விடுத்து, அம்மலையின் வளத்தைத் தெரிவித்தார். ஜரியா நிலக்கரிச் சுரங்கங்களும் அம்மலைக்கு மிகத் தொலைவில் இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் ஜம்ஷெட்ஜி மறைந்தார். எனினும், அவர்தம் மைந்தர் முயற்சியைக் கைவிடவில்லை. 1907இல் நிறுவனம் தோன்றியது. சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடுமிடத்துக்கு அருகில் ஆலை எழுந்தது. 1912இல் எஃகு வார்க்கப்பட்டது. காடு சூழ்ந்த சாக்சி என்னும் சிற்றூர் ஜம்ஷெட்பூர் என்னும் பெருநகராயிற்று. இவர் முன்னர் அறிவித்த தல்லி, இராஜ்ஹரா குன்றுகளின் தாதும் வீண்போகவில்லை. 1959இல் இயங்கத் தொடங்கிய பிலாய் எஃகாலைக்கு அதுவே உணவாயிற்று.

போஸ் 1934இல் மறைந்தார். உரிய பதவி இவருக்குக் கிட்டவில்லை. எனினும், இவர் பெற்ற அறிவை எவராலும் பறிக்க இயலவில்லை. அவ்வறிவே நாட்டுக்குத் தொழில்வளம் தந்தது.