நம்பிக்கையும் சோதனைக்குரிய மாதிரியும்: ஜார்ஜ் லெமேத்ரின் வாழ்க்கைவழி ஒரு நோக்கு

முன்னுரை

பேரண்டத்தின் தோற்றம் பற்றிப் பேசும்போது சமய நம்பிக்கையும் அறிவியல் மாதிரியும் ஒரே பொருளைப் பேசுவனபோலத் தோன்றும். அதனால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவும் முயற்சி பல சமயச் சூழல்களிலும் நிகழ்கிறது. பழம்நூல்களில் இன்றைய அறிவியலைத் தேடும் போக்கு தமிழியல் ஆய்விலும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே கடைப்பிடித்தவர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் அண்டவியல் அறிஞருமான ஜார்ஜ் லெமேத்ர் (1894-1966). அவர் அவ்வேறுபாட்டை எவ்வாறு கண்டடைந்தார், எதற்காகக் காத்தார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் இரு நாட்டங்களும்

லெமேத்ர் 1894 ஜூலை 17ஆம் நாள் சார்லெருவா நகரில் பிறந்தார். இயேசு சபையினரின் பள்ளியில் பயின்றபின் லூவேன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றார். 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் தாமாக முன்வந்து படையில் சேர்ந்தார். வீரச் சிலுவை விருதும் பெற்றார். போருக்குப் பின் பொறியியலை விடுத்துக் கணிதத்தையும் இயற்பியலையும் கற்று 1920இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் குருமடத்தில் சேர்ந்து, 1923 செப்டம்பர் 22ஆம் நாள் குருப்பட்டம் ஏற்றார்.

அவர் தொடக்கத்திலேயே இத்தெளிவோடு இருந்தவர் அல்லர். 1921இல், விவிலியத்தின் படைப்பு வரலாற்றை ஒளி பற்றிய இயற்பியல் கருத்துகளோடு பொருத்திக் காட்டும் கட்டுரை ஒன்றை எழுதினார். மறைநூலில் அறிவியல் பொதிந்துள்ளது என்னும் நோக்கு அதில் வெளிப்படுகிறது. பின்னாளில் அந்நோக்கை முற்றிலும் கைவிட்டார். மறைநூல் மீட்புக்கு வழிகாட்டுவது. இயற்பியல் கற்பிப்பது அன்று என்பது அவர்தம் முதிர்ந்த நிலைப்பாடாயிற்று.

விரியும் பேரண்டம்

கேம்பிரிட்ஜில் எடிங்டனிடமும் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஷாப்லியிடமும் பயிற்சி பெற்ற லெமேத்ர் 1925இல் லூவேனுக்குத் திரும்பினார். 1927இல் பிரஸ்ஸல்ஸ் அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து பேரண்டம் விரிகிறது என்னும் முடிவை அதில் வருவித்தார். ரஷ்ய அறிஞர் ஃபிரீட்மன் 1922இலேயே இத்தகைய தீர்வுகளைக் கணிதநிலையில் கண்டிருந்தார். லெமேத்ர் அதனை அறியாமலேயே அம்முடிவை அடைந்தார். அத்துடன் அதனை வானியல் அளவீடுகளோடு இணைத்தார். 42 விண்மீன் மண்டலங்களின் தரவுகளைக் கொண்டு, ஒவ்வொரு பத்து இலட்சம் பார்செக் தொலைவுக்கும் விலகு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 625 கி.மீ. மிகும் எனக் கணித்தார்.

அவ்வாண்டு பிரஸ்ஸல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கில் பிழையில்லை என ஏற்றும் இயற்பியல் நோக்கில் அதனை ஒப்பவில்லை. 1929இல் ஹபிள் வெளியிட்ட அளவீடுகளுக்குப் பின்னரே நிலை மாறியது. 1930இல் எடிங்டன் இக்கட்டுரையை அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் அறிஞரின் விருப்பு வெறுப்பு அன்று, அளவீடே இங்குத் தீர்ப்பளித்தது.

தவறக்கூடிய கூற்று

1931இல் 'நேச்சர்' இதழில், பேரண்டம் ஒரே குவாண்டத்திலிருந்து தொடங்கியிருக்கலாம் என்னும் கருத்தை லெமேத்ர் முன்வைத்தார். அதன் தட்டச்சுப்படியின் இறுதியில் இறைவனைக் குறிப்பிடும் பகுதி ஒன்று இருந்தது. அச்சுக்குச் செல்லுமுன் அதனை நீக்கினார். அவர் நம்பிக்கை குன்றிற்று என்பது இதன் பொருளன்று. அவர் இறுதிவரை குருவாகவே வாழ்ந்தார். அப்பகுதி அக்கட்டுரைக்குரிய சான்றன்று என்பதே நீக்கத்திலிருந்து நாம் பெறும் செய்தி.

இக்கருத்தை அவர் சோதனைக்கும் உட்படுத்த முனைந்தார். தொடக்ககால அணுவின் சிதைவில் எழுந்த எச்சங்களே அண்டக்கதிர்கள் எனக் கருதி, புவியின் காந்தப்புலத்தில் அவை செல்லும் பாதைகளை மெக்சிகோ இயற்பியலாளர் வயார்த்தாவுடன் இணைந்து கணித்தார். பாதைக் கணக்குகள் பயன்பட்டன. ஆனால், அண்டக்கதிர்கள் பேரண்டத் தொடக்கத்தின் எச்சங்கள் அல்ல எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இத்தோல்வி கருதத்தக்கது. எவ்வகையிலும் தவற இயலாத கூற்றுக்குச் சோதனை என்பதே இல்லை. லெமேத்ரின் மாதிரி தவறக்கூடியதாக இருந்தமையால்தான் அது அறிவியலாயிற்று.

உரோமையும் லெமேத்ரும்

1951 நவம்பர் 22ஆம் நாள், பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரையில், புதிய அண்டவியல் படைப்புக் கொள்கைக்குச் சான்றாக நிற்பதுபோலச் சுட்டினார். தம் மாதிரிக்குத் திருச்சபையின் தலைவரே தந்த இவ்வாதரவு லெமேத்ருக்கு மகிழ்ச்சி தரவில்லை, கவலையே தந்தது. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் ஓகானலுடன் இது குறித்துக் கலந்து பேசினார். 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றிய மாநாட்டினரிடம் பேசிய பாப்பரசர் அக்கருத்தை மீண்டும் வலியுறுத்தவில்லை.

அதே மாநாட்டில் வால்டர் பாடே, விண்மீன் மண்டலங்களின் தொலைவுகளை ஏறத்தாழ இருமடங்காக உயர்த்த வேண்டும் என அறிவித்தார். அதனால் பேரண்டத்தின் வயதுக்கணக்கும் இருமடங்காயிற்று. அறிவியலுக்கு இத்தகைய திருத்தம் இயல்பு. ஆனால், அந்த எண்ணின்மேல் தன்னை நிறுத்திக்கொண்ட சமயக் கோட்பாடு ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஆட்டங்காணும். மறுபுறம், ஒரு குருவின் கொள்கை என்பதாலேயே அதனை மறைமுகச் சமயப் பரப்புரையாக ஐயுற்றோரும் இருந்தனர். எனவே, எல்லையைக் காத்தல் இருபுறத்துக்கும் தேவையாயிற்று. 1958ஆம் ஆண்டு சால்வே மாநாட்டில், தம் கொள்கை சமய, மெய்யியல் வினாக்களுக்கு அப்பாற்பட்டது என்பதை அவர் தெளிவுபடுத்தினார். கடவுள் நம்பிக்கையுடையவரும் இல்லாதவரும் அதனை ஒருசேர ஆராயலாம் என்பதே அவர் கருத்து.

முடிவுரை

1960 முதல் லெமேத்ர் பாப்பரசரின் அறிவியல் கழகத் தலைவராகப் பணியாற்றினார். பென்சியாசும் வில்சனும் கண்டறிந்து 1965இல் வெளியிட்ட நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு பற்றிய செய்தி, அவர் நோயுற்றிருந்த இறுதி நாள்களில் அவரை எட்டியது. 1966 ஜூன் 20ஆம் நாள் மறைந்தார். அக்கதிர்வீச்சு அவர் எதிர்பார்த்த எச்சம் அன்று. வெப்பமிக்க தொடக்கத்தைக் கருதிய காமோவ் குழுவினரின் கணிப்போடு ஒத்தது. எனினும் பேரண்டத்துக்கு ஒரு தொடக்கநிலை உண்டு என்னும் அவர்தம் அடிப்படைக் கருத்தை அது வலுப்படுத்தியது.

எந்தக் கண்டறிதல் நேர்ந்தால் இக்கூற்றைக் கைவிடுவோம் என்னும் வினாவுக்கு விடை தருவது மாதிரி. அவ்வினாவுக்கு உட்படாமல் வாழ்வுக்குப் பொருள் தருவது நம்பிக்கை. பழம்பாடலில் அண்டவியலைக் காண விழையும் ஆய்வாளரும் இவ்வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். விடை கிடைக்காவிடின் அப்பாடலின் பெருமை குறைவதில்லை. அதனை அதற்குரிய அளவுகோலால் படிக்க வேண்டும் என்பதே தெளிவாகிறது. தம் மறைநூலை அவ்வாறே படிக்கக் கற்றுக்கொண்டார் லெமேத்ர்.