டீச்சர் பாட்டிகளுக்கெல்லாம் டீச்சர்: சகோதரி சுப்பலட்சுமி

நம் அங்கத்தினர்களில் அறுபதைக் கடந்த பலருக்கு ஒரு டீச்சர் பாட்டியின் ஞாபகம் இருக்கும். கல்பாத்தியோ, நூரணியோ, கும்பகோணமோ, மயிலாப்பூரோ, ஊர் எதுவானாலும் பாட்டி ஒன்றுதான். விடியற்காலையில் ஸ்நானம் செய்து, சமையலை முடித்து, கையில் குடையுடன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். ரிடையரான பிறகும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அப்படிப்பட்ட பாட்டிகளில் சிலருக்குப் பின்னால் யாரும் அதிகம் பேசாத ஒரு சோகம் இருந்தது. விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி, விவரம் தெரிவதற்குள் கணவனை இழந்தவர்கள் அவர்கள்.

மூலையில் முடங்கியிருக்க வேண்டிய அந்தப் பெண்கள் வகுப்பறைக்கு எப்படி வந்தார்கள்? அதற்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் சகோதரி ஆர்.எஸ். சுப்பலட்சுமி. அவரைப் பற்றி நம் இளைய தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும்.

1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் சுப்பலட்சுமி பிறந்தார். தகப்பனார் சுப்ரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. பூர்வீகம் தஞ்சை ஜில்லா ரிஷியூர். ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறிய குழந்தை அவர். இருந்தும் வழக்கத்தை மீற முடியாமல் பதினோரு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். சிறிது காலத்திலேயே கணவர் காலமானார்.

அந்த நாளில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. எதிரே வந்தால் அபசகுனம் என்பார்கள். சுப காரியங்களில் அவளுக்கு இடமில்லை. சுப்பலட்சுமியின் பெற்றோர் மட்டும் வேறு முடிவெடுத்தார்கள். பெண்ணை மேலே படிக்க வைத்தார்கள். எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்டில் படித்தபோது, கன்னியாஸ்திரீகள் தங்கள் வாழ்நாளையே பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்திருப்பதைப் பார்த்தார். பின்னாளில் ஊரே அவரைச் சிஸ்டர் என்று அழைத்தது. 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்.

தான் கரையேறினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1912-ல், எழும்பூரில் தகப்பனார் வீட்டிலேயே நாலு பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு விடுதியை ஆரம்பித்தார். சாரதா லேடீஸ் யூனியனும் அதே வருஷம் தோன்றியது. அவருடைய சித்தி வாலாம்பாளும் பால்ய விதவைதான். விடுதி நிர்வாகத்தில் அவர் பெரும் துணையாக இருந்தார்.

அப்போது அரசாங்கத்துக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பெண்களுக்குப் பள்ளிகளைத் திறந்தால் பாடம் சொல்லப் பெண் ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். கல்யாணமான பெண்களுக்கோ வீட்டைவிட்டு வர முடியாது. ஒரு பக்கம் ஆசிரியைகளுக்குப் பஞ்சம், மறு பக்கம் வேலையே இல்லாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்கள். பெண்கள் பள்ளி இன்ஸ்பெக்ட்ரஸாக இருந்த மிஸ் லிஞ்சும் சுப்பலட்சுமியும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். படித்து டிரெயினிங் முடித்த விதவைக்குக் கையில் சம்பளம் வரும். சம்பளம் வந்தால் வீட்டில் மரியாதையும் கூடவே வரும்.

விடுதி வளர்ந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் போய்ப் பார்க்கும் அந்த மாளிகையில் ஒரு காலத்தில் பால்ய விதவைகள் பாடம் படித்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே இருந்தது. ஆசாரங்களையும் விடாமல் கடைப்பிடித்தார்கள். சனாதனிகளுக்கு அவர் செய்தது அதிகம், சீர்திருத்தக்காரர்களுக்கு அது போதவில்லை. ஆசாரத்தைக் கைவிட்டிருந்தால் ஒரு தகப்பனாரும் தன் பெண்ணை அங்கே அனுப்பியிருக்க மாட்டார் என்பதும் நிஜம்தான். அந்த விட்டுக்கொடுப்பு சரியா தவறா என்று இன்று நாம் விவாதிக்கலாம். ஆனால் அந்தப் பெண்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனது நம்முடைய வழக்கம்தான். அதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

அவருடைய பணியும் அந்த வட்டத்துக்குள் நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸ் பக்கத்துக் குப்பத்து மீனவர்களுக்காகவும் பள்ளி நடத்தினார். 1922-ல் லேடி வெலிங்டன் டிரெயினிங் காலேஜ் தொடங்கியபோது அதன் முதல் பிரின்சிபால் அவரே. விடுதியில் சேர வயது வரம்பு இருந்ததால், வயது வந்த விதவைகளுக்காக 1927-ல் சாரதா வித்யாலயா உருவாயிற்று. பால்ய விவாகத்தைத் தடுக்கும் சட்டம் வர வேண்டும் என்று ஜோஷி கமிட்டி முன் சாட்சியம் அளித்தார். பெண்ணுக்குப் பதினாலு, பையனுக்குப் பதினெட்டு என்று வயது நிர்ணயித்த அந்தச் சட்டம் 1930-ல் அமலுக்கு வந்தது. பதினோரு வயதில் மணமேடையில் உட்கார வைக்கப்பட்டவர் சொன்ன சாட்சியம் அது.

ரிடையரான பிறகும் அவர் ஓயவில்லை. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1954-ல் தாம்பரம் அருகே மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேவை மையம் தொடங்கினார். 1956-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் மூலம் அவர் துணைநின்று உருவான பள்ளிதான் இன்றைய வித்யா மந்திர். 1920-ல் கெய்ஸர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும் 1958-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன.

சொந்தக் குழந்தை அவருக்கு இல்லை. உறவுக் குழந்தைகளுக்கு அவர் பெரியம்மா. தங்கை சாவித்திரியின் பெண் லலிதா பிரசிடென்சியில் பௌதிகம் படித்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சந்திரசேகரின் மனைவி அவர்தான். சகோதரியிடம் படித்து ஆசிரியைகளான பெண்களோ பல ஊர்களுக்கும் போய்ப் பாடம் சொன்னார்கள். அவர்களிடம் படித்த பெண்களும் பிறகு ஆசிரியைகள் ஆனார்கள்.

1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று சகோதரி காலமானார்.

உங்கள் குடும்பத்திலும் ஒரு டீச்சர் பாட்டி இருந்திருந்தால், அவர் எங்கே படித்தார், யார் படிக்க வைத்தார்கள், எதைத் தாண்டி வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.