ஜேம்ஸ் மாடிசனார்

ஆற்றுக்குக் கரை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது ஆளுவோர் அதிகாரத்திற்கு வரம்பு. அவ்வரம்பை இடுபவர் யாவர்? அது மீறப்பட்டதென்று துணிந்து கூறுதற்கு உரியவர் யாவர்? இவ்வினாக்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டு அறிஞரிடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வழக்காய் நிற்கின்றன. வியப்பென்னவெனில், அவ்வழக்கில் இரு திறத்தாரும் தத்தமக்குச் சான்றாக அழைப்பவர் ஒருவரே. அவர் அந்நாட்டின் நான்காம் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஜேம்ஸ் மாடிசனார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மாடிசனார் 1751-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் வர்ஜீனியாவில் போர்ட் கான்வே என்னுமிடத்தில், பன்னிரு மக்களுள் மூத்தவராய்ப் பிறந்தார். தந்தையார் பெருநிலக்கிழார், அடிமைகள் பலரை உடையவர். மகனாரோ சிறிய மேனியர், மெல்லிய குரலினர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். 1769-இல் அவர் பிரின்ஸ்டன் நகரத்து நியூ ஜெர்ஸிக் கல்லூரிக்குச் சென்றார். நம் கல்லூரியைப் போலவே அதுவும் சமயத் தொண்டர் நிறுவியது. அதன் தலைவர் ஸ்காத்லாந்திலிருந்து வந்த ஜான் விதர்ஸ்பூன் என்னும் போதகர். மாடிசனார் இரண்டே ஆண்டுகளிற் பட்டம் பெற்றார். பெற்ற பின்னும் ஆசிரியரைப் பிரிய மனமின்றித் தங்கி எபிரேய மொழி பயின்றார். மாந்தர் இயல்பாகவே தவறும் தன்மையர் என்று அப்போதகர் புகட்டிய பாடம், ஆளுவோரின் நற்குணத்தை நம்பி நாட்டை விடலாகாது என்னும் பிற்காலக் கருத்துக்கு வித்தாயிற்று என எண்ண இடமுண்டு.

ஊர் திரும்பிய இளைஞர் நெஞ்சை ஒரு காட்சி சுட்டது. அக்காலத்தில் வர்ஜீனியாவில் ஆங்கிலத் திருச்சபையே அரசாங்கச் சபை. உரிமைச்சீட்டுப் பெறாது அருளுரை வழங்கிய குற்றத்திற்காகப் பாப்டிஸ்டுப் போதகர் ஐந்தாறு பேர் அண்டைப் பகுதிச் சிறையில் அடைபட்டுக் கிடந்தனர். மாடிசனார் அச்சபையைச் சார்ந்தவரல்லர்; ஆயினும் 1774-இல் நண்பர்க்கு எழுதிய கடிதத்தில் இக்கொடுமையை நினைந்து வெதும்பினார். இரண்டாண்டு கழித்து வர்ஜீனியா உரிமைப் பிரகடனம் வகுக்கப்பட்டபோது, பிற சமயத்தாரைப் பொறுத்துக்கொள்வதாக அதன் முதற்படி கூறிற்று. இருபத்தைந்து வயதினரான மாடிசனார் அதனை ஒப்பவில்லை. பொறுத்துக்கொள்பவன் நாளை பொறாதிருத்தலும் கூடுமன்றோ? வழிபாடு அனைவர்க்கும் உரிய பிறப்புரிமை என்னும் பொருள்பட அப்பகுதியை மாற்றச் செய்தார். 1785-இல் கிறிஸ்தவ போதகர்களுக்கு ஊதியமளிக்க வரி விதிக்கும் மசோதா எழுந்தபோதும், தம் பெயரை மறைத்து ஒரு விண்ணப்பம் வரைந்து அதனை வீழ்த்தினார். அவ்வரியால் ஊதியம் பெற்றிருக்கக்கூடிய பாப்டிஸ்டு சபையாரே அதனை எதிர்த்து நின்றமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இடையே 1777-இல் நடந்த தேர்தலில் அவர் தோல்வியுற்றார். வாக்காளர்க்கு மது வழங்கும் வழக்கத்தை அவர் பின்பற்ற மறுத்தமையே காரணமாம்!

புரட்சிப் போர் முடிந்தபின் மாகாணங்கள் தம்முட் பிணங்கின; நடு அரசு வரி தண்டவும் வலியற்றிருந்தது. பாரிஸிலிருந்து ஜெபர்ஸன் பெட்டி பெட்டியாக அனுப்பிய நூல்களை மாடிசனார் தம் இல்லத்தில் அமர்ந்து கற்று, பண்டைக் கிரேக்கக் கூட்டரசுகள் முதலியன கெட்டழிந்த காரணங்களை ஆராய்ந்தார். 1787-ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டிற்கு அவர் ஆயத்தமாய் வந்தது போல் மற்றெவரும் வந்திலர். தலைவரின் முன்னே அமர்ந்து, நாள்தோறும் நிகழ்ந்த சொற்போரைக் குறித்துக்கொண்டே வந்தார். மாகாணச் சட்டங்களைத் தள்ளிவிடும் உரிமை நடு அரசுக்கு வேண்டுமென்று அவர் மன்றாடியும் மாநாடு இசையவில்லை. நடு அரசின் வலிமையைக் குறைக்க முயன்றவர் என்று மட்டும் அவரைப் போற்றுவார் இதனை மறந்துவிடுகின்றனர்.

பின்னர் ஹாமில்ட்டன், ஜான் ஜே என்னும் இருவரோடு சேர்ந்து, புனைபெயரில் எண்பத்தைந்து கட்டுரைகள் வெளியிட்டார்; அவற்றுள் இருபத்தொன்பது அவருடையன என்பர். ஏட்டில் எழுதிய தடை மட்டும் ஆசையைத் தடுக்காது. ஒரு துறையினரின் பதவிப்பற்றே பிற துறையினரின் பற்றுக்கு அணையாகுமாறு அரசை அமைத்தல் வேண்டும் என்பது அவற்றின் உயிர்க்கருத்து. ஆதலின் உரிமைப் பத்திரம் தனியே வேண்டுமென்றோரிடம் அவர் முதலில் உடன்படவில்லை. ஆயினும் மக்கள் அச்சத்தைக் கண்டு மனம் மாறி, 1789-இல் தாமே அத்திருத்தங்களைக் காங்கிரஸில் கொணர்ந்தார். மாகாணங்களுக்கு அனுப்பிய பன்னிரண்டனுள் பத்து 1791-இல் நிறைவேறின. எஞ்சியவற்றுள் உறுப்பினர் ஊதியம் பற்றிய ஒன்று, இருநூறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்து 1992-இல் நிறைவேறியது!

அரசு நடக்கத் தொடங்கியதும் நண்பர் பகைவராயினர். 1791-இல் ஹாமில்ட்டன் தேசிய பாங்கு ஒன்றை நிறுவ முயன்றார். பாங்கு என்னும் சொல்லே அரசியலமைப்பில் இல்லை, கொடுத்த அதிகாரங்களைச் செலுத்துதற்கு வேண்டிய சட்டங்களை இயற்றலாம் என்னும் பொதுவிதியை இங்ஙனம் நீட்டினால் வரம்பே இல்லையாகும் என்று மாடிசனார் வாதாடினார், வாஷிங்டன் கையொப்பமிட்டுவிட்டார். 1793-இல் போரில் நடுநிலை சாற்றும் உரிமை தலைவருக்குத் தனியே உண்டா என்பது பற்றி இருவரும் பத்திரிகையிற் புனைபெயரில் வாதிட்டனர். தலைவரின் போரதிகாரம் பற்றி எழுதுவோர் அவ்வாதத்தை இன்றும் எடுத்தாளுகின்றனர்.

1798-இல் அரசைத் தூற்றி எழுதுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் இரண்டாயிரம் டாலர் வரை தண்டமும் விதிக்கும் சட்டம் பிறந்தது. மாடிசனார் மறைவாக இருந்து வர்ஜீனியாத் தீர்மானங்களை வரைந்தார். நடு அரசு எல்லை கடந்தால் மாகாணங்கள் இடைநின்று தடுக்கக் கடமைப்பட்டவை என்றன அவை. இடைநிற்றல் என்பதன் பொருளை அவர் தெளிவாக விளக்காமற் போனது பெரும் பிழையென்றே தோன்றுகிறது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1809 முதல் 1817 வரை அவரே தலைவராயினார். 1814-இல் ஆங்கிலப் படை தலைநகரைத் தீக்கிரையாக்கிய காலத்தும், தம்மைத் தூற்றியோரை அடக்க அத்தகைய சட்டம் எதனையும் அவர் நாடவில்லை. ஆயினும் 1816-இல், தாம் முன்பு சட்டவிரோதமென்ற பாங்கைப் போன்றதொரு பாங்கிற்குத் தாமே கையொப்பமிட்டார்! கொள்கையை விற்றுவிட்டார் என்றனர் பலர். இருபதாண்டுக் காலம் காங்கிரஸும் நீதிமன்றங்களும் மக்களும் ஏற்றுக்கொண்ட பொருளைத் தம் தனிக்கருத்தால் மாற்றுதல் முறையன்று என்பது அவர் தந்த விடை. இவ்விடை எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அவர் வரம்பைக் கைவிட்டாரென்றும் கூறவியலாது. பதவியின் இறுதி நாளாகிய 1817 மார்ச்சு 3-ஆம் தேதி, சாலையும் கால்வாயும் அமைக்கும் மசோதாவை, நன்மை தருவதேயாயினும் அதிகாரம் வழங்கப்படவில்லை என்று கூறி மறுத்தனுப்பினார்.

முதுமையில் அவருடைய பழைய தீர்மானமே அவரைத் தேடிவந்தது. 1832-இல் தென் கரோலினா, தனக்கொவ்வாத சுங்கச் சட்டம் தன் எல்லையுள் செல்லாதென்று அறிவித்து, 1798-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் துணைக்கழைத்தது. ஒரு மாகாணம் தனித்து நின்று சட்டத்தை அழிக்கலாமென்று தாம் ஒருபோதும் கருதவில்லை என்று, வாத நோயால் வளைந்த விரல்களோடு கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். அவர் சொல்லுக்கு அவரே உரைகூறியும் கேட்பாரிலர்.

ஒன்றை மறைத்தல் உண்மைக்கு மாறாகும். அடிமை முறையைத் தீதென்று உணர்ந்த அப்பெரியார், நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தார். மரண சாசனத்திலும் அவர்களை விடுவித்தாரல்லர். ஆளுவோர் அதிகாரத்திற்கு வரம்பு தேடியவரின் தோட்டத்தில் ஆண்டானது அதிகாரத்திற்கு வரம்பில்லை. 1836 ஜூன் 28-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தபோது உடனிருந்த பால் ஜென்னிங்ஸ் என்பாரும் அடிமையே. பின்னர் விடுதலை பெற்ற அவர், 1865-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் அக்காலையை விவரித்துள்ளார்.

அரசியலமைப்பிற் கையொப்பமிட்டோருள் இறுதியாக மறைந்தவர் மாடிசனாரே. அவர் குறிப்பேடுகளைக் காங்கிரஸ் முப்பதாயிரம் டாலருக்கு வாங்கியது. அவை 1840-இல் அச்சேறின. அன்று முதல் வரம்பு பற்றிய வழக்கில் அவையே பெருஞ்சான்று. அவற்றை அவர் பின்னாளிற் பல இடங்களில் திருத்தினாரென்று மேரி சாரா பில்டர் என்னும் சட்டப் பேராசிரியர் 2015-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து காட்டினார். மாடிசனாரோ 1796-இலேயே, அரசியலமைப்பின் பொருளை அதை வரைந்த மாநாட்டிலன்று, அதனை ஏற்றுக்கொண்ட மாகாண மாநாடுகளிலேயே தேடவேண்டும் என்று காங்கிரஸில் கூறியிருந்தார்.