மெல்லிய சத்தத்தோடு வீடு திரும்பினவர்



நம் சபையின் ஊழியக் குழுவோடு மலேசியா தேசத்துக்குப் போய், பன்னிரண்டு நாட்கள் தோட்டப்புறத்துத் தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்துவிட்டு, சுகபத்திரமாய்த் திரும்பிவர கர்த்தர் கிருபை செய்தார். அவருக்கே மகிமை. வந்த நாள் முதல் பார்க்கிறவர்கள் எல்லாரும் அன்பாய் விசாரிக்கிறார்கள். பிரயாணம் எப்படி இருந்தது, சாப்பாடு ஒத்துக்கொண்டதா, என்னென்ன இடம் பார்த்தீங்க என்று கேட்கிறார்கள். பத்திரிகைக்குச் சாட்சி எழுதித் தரும்படி பாஸ்டர் ஐயாவும் சொன்னார். எதை எழுதுவது என்று ஜெபித்துக் காத்திருந்தபோது, என் பிரயாணத்தைவிட வேறொரு பிரயாணமே என் உள்ளத்தில் பாரமாய் எழும்பியது.

ஊழியத்துக்குப் புறப்பட்டுப் போனவர்களைப் பற்றி எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறோம். ஊழியத்திலிருந்து வீடு திரும்பினவர்களைப் பற்றி அவ்வளவாய்க் கேட்டதில்லை. பர்மா தேசத்துக்குச் சுவிசேஷம் கொண்டுபோன அதோனிராம் ஜட்சன் ஐயா, 33 வருஷம் கழித்து, தம் ஜீவியத்தில் ஒரே ஒரு முறை தாய்நாட்டுக்குத் திரும்பினார். எப்படித் திரும்பினார், என்ன கொண்டுவந்தார், ஏன் மறுபடியும் போனார் என்று நான் வாசித்து அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

புறப்பட்டுப் போன வாலிபன்

ஜட்சன் 1788ம் ஆண்டு ஆகஸ்ட் 9ம் தேதி அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் மால்டன் என்ற ஊரில் ஒரு போதகருடைய மகனாய்ப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். கல்லூரி நாட்களில் விசுவாசத்தை விட்டு விலகிப் போனாலும், கர்த்தர் அவரை விடவில்லை. 1812 பிப்ரவரி 6ம் தேதி சேலம் பட்டணத்தில் ஐந்து வாலிபர்கள் மிஷனெரிகளாய்ப் பிரதிஷ்டை செய்யப்பட்டார்கள். நம்ம ஊர் சேலம் இல்லை, அமெரிக்காவில் அப்படி ஒரு சேலம் இருக்கிறது. அந்த ஐவரில் ஒருவர் ஜட்சன். அதற்கு முந்தின நாள்தான் அவருக்கும் ஆன் அம்மையாருக்கும் கலியாணம் நடந்தது. அதே மாதம் 19ம் தேதி இருவரும் கப்பலேறினார்கள்.

கல்கத்தாவில் இறங்கினால், கிழக்கிந்தியக் கம்பெனியார் இருக்கவிடவில்லை. மொரிஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1813 ஜூன் மாதம் நம்முடைய சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கேயும் கம்பெனியார் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உடனே கிடைத்த கப்பல் ரங்கூனுக்குப் போகிற கப்பல். அதில் ஏறிவிட்டார்கள். பாருங்கள், கம்பெனியார் கதவை அடைத்தார்கள், கர்த்தர் வேறொரு கதவைத் திறந்தார். நம் சென்னைக் கரையிலிருந்துதான் ஜட்சன் பர்மாவுக்குப் போனார். ஜூலை 13ம் தேதி ரங்கூன் சேர்ந்தார்.

முதல் ஆத்துமா ஞானஸ்நானம் பெற ஆறு வருஷம் ஆனது. 1819 ஜூன் 27ம் தேதி மவுங் நௌ என்ற பர்மியச் சகோதரன் தண்ணீரில் இறங்கினார். அதற்குள் ஜட்சன் தம்பதியர் ஒரு கைக்குழந்தையை ரங்கூன் மண்ணில் அடக்கம் பண்ணியிருந்தார்கள்.

சிறைச்சாலையும் கல்லறையும்

1824ல் வெள்ளைக்காரருக்கும் பர்மா ராஜாவுக்கும் யுத்தம் வந்தது. ஜட்சன் அமெரிக்கர்தான், ஆனாலும் உளவாளி என்று சந்தேகப்பட்டு ஜூன் 8ம் தேதி ஆவா பட்டணத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஏறத்தாழ 17 மாதம் காலில் இரும்பு விலங்கு. ஆன் அம்மையார் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு அதிகாரிகள் வாசலில் போய்ப் போய்க் கெஞ்சினார்கள். மொழிபெயர்த்து வைத்திருந்த புதிய ஏற்பாட்டுக் கைப்பிரதியை ஒரு பழைய தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார்கள். கர்த்தருடைய வார்த்தையை அப்படிக் காப்பாற்றினார்கள்.

விடுதலை கிடைத்தது. ஆனால் 1826 அக்டோபர் 24ம் தேதி, ஜட்சன் வெளியூரில் இருந்தபோது, ஆன் அம்மையார் காய்ச்சலில் மரித்துப்போனார்கள். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டாள். அந்தத் துக்கத்தில் ஜட்சன் காட்டோரமாய் ஒரு குடிசை போட்டு, தனக்கென்று ஒரு குழியையும் தோண்டி வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. தேவமனுஷனுக்கு மனச்சோர்வே வராது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் குழியின் ஓரத்திலிருந்து கர்த்தர் அவரைத் தூக்கி நிறுத்தினார். 1834 ஜனவரி 31ம் தேதி முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். அதே வருஷம் சாராள் அம்மையாரை விவாகம் செய்தார். அவர்களும் ஒரு மிஷனெரியின் விதவை, பர்மிய மொழியில் தேறினவர்கள்.

வீடு நோக்கிய பிரயாணம்

இத்தனை காலமும் ஜட்சன் தாய்நாட்டுக்குப் போகவில்லை. 1845ல்தான் போக வேண்டி வந்தது. அதுவும் தனக்காக அல்ல. சாராள் அம்மையாருக்குச் சுகவீனம் முற்றி, கடல் பிரயாணம் தவிர வேறு வழியில்லை என்று ஆனது. ஏப்ரல் 26ம் தேதி மோல்மீன் பட்டணத்திலிருந்து புறப்பட்டார்கள். மூத்த பிள்ளைகள் மூன்று பேர் கூட வந்தார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் மூன்று பேரை உடன் ஊழியரிடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். வழியிலும் அகராதி வேலை நடக்க வேண்டும் என்று இரண்டு பர்மியச் சகோதரர்களையும் ஜட்சன் கூட்டிக்கொண்டார்.

மொரிஷியஸ் வந்தபோது அம்மையாருக்குச் சுகம் தெரிந்தது. அப்படியானால் நான் ஊழியத்துக்குத் திரும்புகிறேன், நீ பிள்ளைகளோடு போ என்று பேசி முடித்து, பர்மியச் சகோதரர்களை முன்னதாகவே அனுப்பிவிட்டார். அதற்குள் வியாதி மறுபடியும் திரும்பியது. அவரால் விட்டுப்போக முடியவில்லை. செப்டம்பர் 1ம் தேதி, செயின்ட் ஹெலினா தீவில் கப்பல் நின்றிருந்தபோது, சாராள் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அன்றைக்கே அடக்கம் செய்து, அன்றைக்கே கப்பல் புறப்பட்டது. தாய் மரிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மோல்மீனில் விட்டுவந்த குழந்தை சார்லஸ் மரித்திருந்தான். கடல் நடுவே இருந்த பெற்றோருக்கு அது எட்டவில்லை.

சத்தம் இல்லாத பிரசங்கி

அக்டோபர் 15ம் தேதி, தாயில்லாத மூன்று பிள்ளைகளோடு ஜட்சன் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார். தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்று கப்பலில் கவலைப்பட்டாராம். இறங்கினால், தேசமே அவர் பெயரை அறிந்திருந்தது! வீட்டுக்கு வீடு அழைப்பு. ஆனால் அவருடைய வீடு எங்கே? தகப்பன் இல்லை, தாய் இல்லை, தம்பி இல்லை. சகோதரி ஒருத்தி மட்டும் இருந்தாள். அவர் போனபோது அந்த நாட்டில் ரயில் கிடையாது. திரும்பி வந்தபோது ஊருக்கு ஊர் ரயில் ஓடியது.

தொண்டை வியாதியால் அவருக்குச் சத்தமே எழும்பவில்லை. பாஸ்டனில் நடந்த வரவேற்புக் கூட்டத்தில் அவர் மெதுவாய்ச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒரு போதகர் அதைச் சபைக்கு உரக்கச் சொன்னார். சொந்த நாட்டில் சொந்த ஜனத்தோடு பேச ஆள் வைக்க வேண்டியதாயிற்று. அதுமட்டுமல்ல, இங்கிலீஷும் தடுமாறியது. பர்மியரோடு பர்மியராய் வாழ்ந்து, அந்தப் பாஷையிலேயே பிரசங்கித்து, இங்கிலீஷில் சரளமாய்ப் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்துவந்து அவரைத் தழுவிக்கொண்டார். அவர் சாமுவேல் நாட். 1812ல் சேர்ந்து பிரதிஷ்டை பெற்ற ஐவரில் மூன்று பேர் மரித்துப்போக, மீதி இருந்தது இவர்கள் இருவர்தான்.

ஜனங்கள் எதைக் கேட்க வந்தார்கள்? சிறைச்சாலைக் கதை, ராஜாவின் அரண்மனைக் கதை. நியூயார்க் மாகாணத்தில் ஒரு சபையில் அவர் கால்மணி நேரம் மாத்திரம் இரட்சகருடைய அன்பைப் பற்றிப் பேசி உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் அவருக்கு மனைவியான எமிலி அம்மையார் அன்றைக்கு அங்கே இருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் ஒரு கதை சொல்லுவார் என்று ஜனங்கள் எதிர்பார்த்து ஏமாந்துபோனார்களே என்று அவர்கள் அவரிடம் சொன்னார்கள். தான் அறிந்ததிலேயே மேலான கதையைத்தான் சொல்லியிருக்கிறேன், தன்னைப் பற்றிய கதைகளால் ஜனங்களைக் களிப்பூட்டிவிட்டு நாளைக்குக் கர்த்தருக்கு முன்பாக எப்படி நிற்பேன் என்பதே அவர் பதிலின் சாரம்.

தேவபிள்ளைகளே, இதை வாசித்தபோதுதான் என் சாட்சியை எங்கே தொடங்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது.

அந்த மெல்லிய சத்தம் ஒரே ஒரு முறை பலமாய் எழும்பியது. நவம்பர் மாதம் நியூயார்க் பட்டணத்தில் மிஷனெரி சங்கம் கூடியது. கடன் பாரம் இருந்தது. அந்த வருஷம்தான் அடிமைகளை வைத்திருந்தவர்கள், அடிமைமுறையை எதிர்த்தவர்கள் என்று பாப்டிஸ்டு சபைகள் தெற்கும் வடக்குமாய்ப் பிரிந்திருந்தன. பர்மாவின் அரக்கான் பகுதி ஊழியத்தைக் கைவிட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. பேசக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை. ஜட்சன் எழுந்தார். வேறு யாரும் இல்லையானால் நானே அரக்கானுக்குப் போகிறேன் என்று சொன்னார். வயது 57. மண்டபமே கலங்கியது.

மறுபடியும் போனார்

1846 ஜூன் மாதம் எமிலி அம்மையாரை விவாகம் செய்து, ஜூலை 11ம் தேதி மறுபடியும் கப்பலேறினார். வீட்டில் இருந்தது ஒன்பது மாதமும் கூட ஆகவில்லை. கூட வந்த மூன்று பிள்ளைகளையும் படிப்புக்காக அமெரிக்காவிலேயே விட்டுச்சென்றார். அவர்களை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இது சரியா என்று பிள்ளை பெற்ற நாம் கேட்கத்தான் செய்வோம். அவரும் கண்ணீரில்லாமல் போகவில்லை.

நவம்பர் 30ம் தேதி மோல்மீன் வந்து, விட்டுப்போன மூன்று சிறுவரில் இரண்டு பேரைக் கட்டியணைத்தார். ரங்கூனில் ஊழியம் செய்யப் போராடி, அதிகாரிகளின் நெருக்கத்தால் திரும்பி வந்தார். இங்கிலீஷ்–பர்மிய அகராதியை 1849ல் முடித்தார். பர்மிய–இங்கிலீஷ் அகராதி மீதியிருந்தது. 1850ல் சுகவீனமாகி, கடற்காற்றுக்காகக் கப்பலில் ஏற்றப்பட்டார். ஏப்ரல் 12ம் தேதி நடுக்கடலில் ஜீவன் பிரிந்தது. நம்முடைய வங்காள விரிகுடாவில் எங்கோ அவர் சரீரம் இறக்கப்பட்டது. ஒரு கல்லறைகூட இல்லை. கர்ப்பவதியாயிருந்த எமிலி அம்மையாருக்குச் செய்தி போய்ச் சேரவே மாதங்கள் ஆயின. ஆனால் அவர் பெயர்த்த வேதாகமம் இன்றைக்கும் பர்மிய சபைகளின் கையில் இருக்கிறது. அல்லேலூயா!

நாம் என்ன கொண்டுவருகிறோம்?

பவுலும் பர்னபாவும் முதல் பிரயாணம் முடிந்து அந்தியோகியாவுக்குத் திரும்பினபோது சபையைக் கூட்டினார்கள். தாங்கள் பட்ட பாட்டைவிட தேவன் செய்ததையே முன்வைத்தார்கள். அப்போஸ்தலர் 14ம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். ஜட்சன் ஐயா செய்ததும் அதுதான். அவருக்குச் சத்தம் இல்லை, பாஷை இல்லை, மனைவி இல்லை. இயேசு இருந்தார். அதையே கொண்டுவந்தார், அதையே கொடுத்தார்.

ஊழியப் பயணம் போய் வருகிற நமக்கு வேறொரு சோதனையும் உண்டு. விமானம் இறங்கினதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நாங்கள் போன தோட்டச் சபை ஒன்றில் இருபது பேர்கூட இல்லை. தோட்ட வேலை குறைந்து, வாலிபர் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள்தான் ஓய்வுநாள் தவறாமல் வந்து பாடுகிறார்கள். புறப்படும்போது ஒரு தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. எங்களை மறந்துடாதீங்க ஐயா என்று மட்டும் கேட்டார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

ஆகவே அந்தச் சபைகளின் விசுவாசிகள் பெயர்களை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு கடிதமோ ஒரு போன் அழைப்போ போகட்டும். ஜட்சன் ஐயா நேசித்த பர்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கரேன், சின், கச்சின் ஜனங்களில் அநேக விசுவாசிகள் ஊரை விட்டு ஓடினார்கள், ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அவர்களுக்காகவும் திறப்பிலே நிற்போம்.

போகும்படி அழைக்கிற கர்த்தர்தாமே, திரும்பி வந்த நம்மையும் உண்மையுள்ளவர்களாய்க் காப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் சகோதரன்.